முரலும் இரும்பு: ஆம்பிளிபையரின் மின்மாற்றி இரைவது ஏன்?

ஆங் மோ கியோவின் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கிடையே இரவு நேரத்தில் நடந்து செல்வோர், சில கட்டடங்களின் அடியில் நான்கு மொழிகளிலும் எச்சரிக்கை எழுதிய பூட்டிய கதவொன்றைக் காண்பர். கதவின் அப்பால் ஒரே சுருதியில் ஓயாத ஓர் ஒலி கேட்கும். நிலத்தடிக் கம்பியில் உயர்ந்த மின்னழுத்தத்தோடு வரும் மின்சாரத்தை வீடுகளுக்குரிய 230 வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் மின்மாற்றியின் ஒலி அது. அதே கட்டடத்தின் பத்தாவது மாடியில், பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்கும் ஒருவருடைய ஆம்பிளிபையர் பெட்டிக்குள்ளிருந்தும் அதே ஒலி, அதே சுருதியில், மெலிதாக எழுகின்றது. கீழே இருப்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கும். மேலே இருப்பது உள்ளங்கையில் அடங்கும். இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

இவ்வொலியைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. வண்டின் ஒலியைப் பழந்தமிழ்ப் புலவர் இமிர்தல் என்றனர், முரலுதல் என்றனர். பேச்சு வழக்கிலோ எல்லாவற்றுக்கும் 'இரைச்சல்' என்ற ஒரு சொல்லே போதுமென்றாகிவிட்டது. இந்தச் சிக்கனத்தால் கைப்பொருள் இழந்தோர் பலர். ஸ்பீக்கர் வழியே வரும் இரைச்சல் வேறு. பெட்டியே இரைவது வேறு. முன்னது மின்சுற்றில் நேர்ந்த குறை. மின்தேக்கி பழுதடைந்ததாலோ, நிலக்கம்பி இணைப்பு முறை தவறியதாலோ வருவது. பின்னது மின்மாற்றியின் இரும்பும் செம்பும் உண்மையாகவே அதிர்வதால் காற்றில் நேரே பிறக்கும் ஒலி. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், பெட்டி இரைவதற்கு மருந்தாக வால்வுகளையும் மின்தேக்கிகளையும் மாற்றி, பணம் செலவழித்த பின்னும் அதே ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்போர் உண்டு. நல்ல கருவியைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

பிரித்தறிவது எளிது. ஒலியளவுக் குமிழை முற்றிலும் குறைத்துவிட்டு, முதலில் ஸ்பீக்கரருகிலும் பின்னர் பெட்டியருகிலும் செவி வைத்துக் கேட்க வேண்டும். ஐயம் நீங்காவிடில், நீண்ட கம்பியிட்டு ஸ்பீக்கரை அடுத்த அறைக்குக் கொண்டுசெல்லலாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாமே என்று தோன்றும். வால்வு ஆம்பிளிபையரில் அவ்வாறு செய்யலாகாது. சுமையின்றி இயங்கும்போது அதன் வெளியீட்டு மின்மாற்றி கெடக்கூடும்.

இனி, இரும்பு ஏன் முரல்கிறது? 1842 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு புதுமையைக் கண்டார். இரும்புக் கம்பியைக் காந்தமாக்கினால் அதன் நீளம் மிக மிக நுண்ணிய அளவில் மாறுகிறது. வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை அளந்து புகழ் பெற்ற அதே ஜூல்தான் அவர். மின்மாற்றியின் உள்ளகம் இரும்புத் தகடுகளால் ஆனது. அதைச் சுற்றியுள்ள சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது, தகடுகள் நீள்வதும் சுருங்குவதுமாக இருக்கும். இதற்குக் காந்த நீட்சி என்று பெயரிடலாம்.

இங்கே மாணவர்கள் தவறாமல் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சிங்கப்பூரின் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று உடையது. ஆனால் மின்மாற்றியின் ஒலியோ நொடிக்கு 100 அதிர்வு உடையது. இரட்டிப்பு எங்ஙனம் வந்தது? இருவர் இருபுறம் நின்று மரம் அறுக்கும் பெருவாளை நினைத்தால் விளங்கும். வாள் போகும்போதும் அறுக்கும், வரும்போதும் அறுக்கும். ஒரு முறை போய் மீள்வதற்குள் இரு வெட்டு விழும். அதுபோல, காந்தப் புலம் இத்திசையில் ஏறினாலும் எதிர்த்திசையில் ஏறினாலும் இரும்பின் நீளம் ஒரே வகையில்தான் மாறும். அதற்கு வடக்கு தெற்கு வேறுபாடில்லை. எனவே ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு. நொடிக்கு 60 சுற்றுடைய மின்சாரம் வழங்கும் அமெரிக்காவில் இவ்வொலி 120 அதிர்வாக இருக்கும்.

நொடிக்கு 100 அதிர்வு என்பது இசை கேட்போருக்குத் தொல்லை தரும் இடத்தில் விழுகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவருக்குச் சேர்த்த தம்புராவில் பஞ்சமத் தந்தி நொடிக்கு ஏறக்குறைய 98 முறை அதிரும். மின்மாற்றியும் பஞ்சமத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றிப் பிடிக்கிறது! இரு ஒலிகளும் கலக்கும்போது நொடிக்கு இரு முறை ஏறி இறங்கும் ஓர் அலைவு தோன்றும். இசைத்தட்டில் வித்துவான் ஆலாபனையைத் தொடங்கும் அமைதியான வேளையில், சுருதி சேராத இரண்டாம் தம்புராக்காரன் ஒருவன் அலமாரிக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு உண்டாவது இதனால்தான். தவில் முழங்கும்போது அவன் இருப்பதே தெரியாது.

நீட்சியின் அளவைக் கேட்டால் வியப்புண்டாகும். மின்மாற்றித் தகட்டில் அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவினது. பத்து சென்டிமீட்டர் தகடு, தலைமயிரின் பருமனில் பல நூற்றில் ஒரு பங்கே நீளும். அதைக் குறைக்கவும் வழி கண்டிருக்கின்றனர். இரும்பில் சிலிக்கன் கலந்தால் மின்னிழப்பு குறையும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்தது. தகட்டின் படிகங்கள் அனைத்தையும் ஒரே திசை நோக்கி அடுக்கும் முறைக்கு நார்மன் காஸ் என்பார் 1934 இல் காப்புரிமை பெற்றார். சிலிக்கன் 6.5 விழுக்காடு இருப்பின் நீட்சி ஏறத்தாழ இல்லாமலே போகும். ஆனால் அத்தகைய தகடு முறுக்கு போல் நொறுங்குவதால் உருட்டுவதும் வெட்டுவதும் கடினம். ஆகவே ஏறக்குறைய 3 விழுக்காட்டோடு உலகம் நின்றுவிட்டது.

இவ்வளவு சிறிய நீட்சி மட்டும் இருந்தால் காதுக்கு எட்டுவது அரிது. தகடுகள் தளர்ந்திருந்தால் ஒன்றோடொன்று தட்டும். சுருளின் சுற்றுகள் தளர்ந்திருந்தால் அவையும் துடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்மாற்றியைத் தாங்கும் உலோகத் தளம் ஒலியைப் பெருக்கிவிடும். இதை வகுப்பில் காட்ட ஓர் இசைக்கவை போதும். கவையைத் தட்டிக் கையில் பிடித்தால் முன் வரிசை மாணவனுக்கும் கேளாது. அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால் கடைசி வரிசைக்கும் கேட்கும். தம்புராவுக்குக் குடம் எப்படியோ அப்படியே மின்மாற்றிக்குப் பெட்டியும், அப்பெட்டி அமர்ந்திருக்கும் பலகை அலமாரியும். பெட்டியின் கீழ் மடித்த துணியை இட்ட அளவிலேயே பாதி ஒலி அடங்கிவிடுவதைக் கண்டு, கருவி பழுதன்று என்று அறிந்தோர் உண்டு. செலவில்லாத இச்சோதனையையே முதலில் செய்யவேண்டும். துணி காற்றுத் துளைகளை மறைக்காதிருக்கவேண்டும்.

அதற்குமேல் பெட்டியைத் திறந்துதான் ஆகவேண்டும் என்றால், ஒன்றை மறவாதிருத்தல் நலம். வால்வு ஆம்பிளிபையரின் மின்தேக்கிகளில் 400 வோல்ட் வரையில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிய பிறகும் உடனே போய்விடாது. உயிரைப் பறிக்க அது போதும். பழக்கமில்லாதவர் திறக்காமல், தொழில் அறிந்தவரிடம் கொடுப்பதே அறிவுடைமை. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை அங்கே பழைய கருவிகளை வாங்கித் தாமே திறந்து பழகியவர்கள் இருந்தனர். அவர்களுள் தேர்ந்தவர்கள், ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மறுகையால் வேலை செய்வர். மின்சாரம் கைக்குக் கை பாய்ந்து நெஞ்சைத் தாக்காதிருக்கவே இந்த ஏற்பாடு.

தொழிலறிந்தவர் செய்வன இவை. தகடுகளை இறுக்கும் திருகாணிகளை அளவாக முடுக்குவார். உள்ளகத்தை வார்னிஷில் தோய்த்து, முடிந்தால் காற்றை வெளியேற்றிய கலத்தில் வைத்து, இடைவெளிகளில் வார்னிஷ் புகச் செய்து உலர்த்துவார். மின்மாற்றிக்கும் தளத்துக்கும் இடையே ரப்பர் வளையங்கள் இடுவார். உளுந்து வடை போன்ற வளைய வடிவ மின்மாற்றியானால், நடுத்துளை வழியே செல்லும் ஒற்றைத் திருகாணியின் மேல்முனை, பெட்டியின் மூடியைத் தொடாதபடி பார்த்துக்கொள்வார். இரு முனைகளும் பெட்டியைத் தொட்டால், திருகாணியும் பெட்டியும் சேர்ந்து ஒரே சுற்றுள்ள மூடிய சுருளாகி, பெருமின்னோட்டம் பாய்ந்து மின்மாற்றி கருகிவிடும். இரைச்சலை அடக்கப் போய்க் கருவியையே எரித்த கதைகளில் பாதி இதனால் விளைந்தவை எனலாம்.

இவையெல்லாம் எப்போதும் ஒரே அளவில் இரையும் மின்மாற்றிக்கு உரியவை. சில மின்மாற்றிகளோ காலையில் உறுமும், நண்பகலில் அடங்கும், மாலையில் மீண்டும் உறுமும். இதைப் பேய் பிடித்தது என்று சொல்லாத குறையாக மக்கள் திகைப்பர். காரணம் பெரும்பாலும் குளியலறையில் இருக்கிறது. தலைமுடி உலர்த்தும் கருவிகள் சிலவற்றில், குறைந்த வெப்பம் வேண்டும்போது ஒரு டையோடு குறுக்கே வந்து, மின்சுற்றின் ஒரு பாதியை மட்டும் செல்லவிடும். போகும்போது மட்டும் அறுத்து, வரும்போது சும்மா வரும் வாளைப் போன்றது அது. மாறுதிசை மின்னோட்டத்தோடு நேர்த்திசை மின்னோட்டமும் இதனால் கலந்துவிடுகிறது.

அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1200 வாட் கருவியின் தடை ஏறத்தாழ 44 ஓம். பாதிச் சுற்றில் மட்டும் இயங்கும்போது அது இழுக்கும் நேர்த்திசை மின்னோட்டம் சராசரி 2.3 ஆம்பியர். இரு கருவிகளுக்கும் பொதுவான கம்பியில் 0.2 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான நேர்மின்னழுத்தம் அங்கே தோன்றும். 230 வோல்ட்டுக்கு முன் அரை வோல்ட் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் பெரிய வளைய வடிவ மின்மாற்றியின் முதன்மைச் சுருளின் தடை 2 ஓம் அளவினதே. ஆதலால் அதில் கால் ஆம்பியர் நேர்த்திசை மின்னோட்டம் பாயக்கூடும்; அதன் உள்ளகத்தைக் காந்தமாக்க இயல்பாகத் தேவைப்படுவதோ சில பத்து மில்லி ஆம்பியர். இரும்பு ஒரு திசையில் தெவிட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் பெருமின்னோட்டம் பாய்ந்து இழுக்க, முரல் உறுமலாகிறது. பழைய சதுர வடிவ மின்மாற்றிகளில் தகடுகளின் பொருத்துவாயில் நுண்ணிய காற்றிடைவெளி இருப்பதால் அவை இதைப் பொறுத்துக்கொள்ளும். இடைவெளியே இல்லாத வளையம் பொறாது. குறைந்த எடை, குறைந்த காந்தக் கசிவு ஆகிய சிறப்புகளுக்காக விரும்பி வாங்கப்படும் வளையத்துக்கு இது ஒரு விலை.

இதற்கு மருந்து திருகாணியில் இல்லை. உலர்த்தும் கருவியை மாற்றுவதும், அதை முழு வெப்பத்தில் வைப்பதும் எளிய வழிகள். அண்டை வீட்டார் கருவியாயின் அது கைகூடாது. அப்போது, முதன்மைச் சுருளுக்கு முன் இரு பெரிய மின்தேக்கிகளை எதிரெதிராக இணைத்து, அவற்றின் குறுக்கே காவலாக டையோடுகளை வைப்பர். மின்தேக்கி மாறுதிசையை விடும்; நேர்த்திசையைத் தடுக்கும். இவ்வமைப்பு முழுவதும் சுவர் மின்சாரத்தோடு நேரே தொடர்புடையது. வீட்டில் பொழுதுபோக்காகச் செய்து பார்க்கத்தக்கதன்று. வீட்டின் கம்பிகளையே மாற்ற வேண்டியிருந்தால், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரைத்தான் அழைக்கவேண்டும்.

இன்னொரு காரணம் கடல் கடந்து வருவது. 60 சுற்றுக்கென்று அமெரிக்காவில் செய்த ஆம்பிளிபையரை இங்கே கொணர்வோர், 230 வோல்ட்டை 115 வோல்ட்டாக்கும் பெட்டி ஒன்றை வாங்கி இணைத்துவிட்டால் போதுமென்று எண்ணுவர். அப்பெட்டி வோல்ட்டைக் குறைக்குமேயன்றி சுற்றின் எண்ணிக்கையை மாற்றாது. 60 சுற்றில் பகிர்ந்த வேலையை 50 சுற்றில் செய்யவேண்டியிருப்பதால், காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். இரும்பு தெவிட்டும், இரையும், சுடும். வோல்ட் மிகுந்தாலும் இதே விளைவுதான். மலேசியாவில் 2008 வரை 240 வோல்ட் என்பதே அறிவிக்கப்பட்ட அளவு; 220 வோல்ட்டுக்குச் செய்த பழைய கருவி அங்கே கூடுதலாக முரன்றதில் வியப்பில்லை. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 சுற்றும் மேற்குப் பகுதியில் 60 சுற்றும் வழங்குவதால், அந்நாட்டுக் கருவிகள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஏற்பச் செய்யப்பட்டிருக்கும். வாங்குமுன் பின்புறத் தகட்டில் 50 என்ற எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மெலிதாக முரலும் மின்மாற்றி பல்லாண்டு முரன்றுகொண்டே உழைக்கும். நேற்றுவரை அடங்கியிருந்தது இன்று திடீரென உறுமி, கை வைக்க முடியாதபடி சுட்டு, வார்னிஷ் கருகும் மணமும் வந்தால், உடனே சுவிட்சை அணைத்துக் கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துவிடவேண்டும். என்ன காரணம் என்று அறிவதற்காக மறுபடியும் ஒருமுறை இயக்கிப் பார்க்கலாகாது.