1970-இல் வெளியான புதிய நிகழ்ச்சி!

கைப்பேசியில் ஓர் அறிவியல் பாட்காஸ்டை வாரந்தோறும் கேட்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் புதிய நிகழ்ச்சியைக் காணவில்லை. தேடிக்கொண்டே போனால், பட்டியலின் அடியில் கிடக்கிறது. அருகில் உள்ள தேதி என்ன தெரியுமா? 1970 ஜனவரி 1, காலை 5.30 மணி! அன்று பாட்காஸ்டும் கிடையாது, கைப்பேசியும் கிடையாது. பின் இந்தத் தேதி எங்கிருந்து வந்தது?

மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவி தவறாகக் காட்டினால் அதைத் தூக்கி எறிவதில்லை. சுழிப்பிழை எவ்வளவு என்று அளக்கிறோம். அதே வழியில் இந்தப் புதிரையும் அவிழ்க்கலாம்.

தேதி எப்படி எண்ணாகிறது?

பாட்காஸ்ட் நடத்துவோர் ஒலிக்கோப்புகளுடன் ஒரு பட்டியலையும் இணையத்தில் வைக்கிறார்கள். இதற்கு ‘ஃபீட்’ என்று பெயர். தலைப்பு, ஒலிக்கோப்பின் முகவரி, வெளியான தேதி முதலியன இதில் இருக்கும். ஆண்டெனாபாட், ஜிபாடர் போன்ற திறமூல மென்பொருள்கள் இதைப் படித்து, நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாக அடுக்குகின்றன.

தேதியை எப்படி எழுதுவது என்பதற்கு விதி உண்டு. ஆர்.எஸ்.எஸ். 2.0 என்னும் ஃபீட் முறை, மின்னஞ்சலுக்காக 1982-இல் வகுத்த விதியையே பின்பற்றுகிறது. அதன்படி ஒரு தேதி, ஆங்கில எழுத்துகளில், இப்படி இருக்கும்:

சன், 07 செப் 2025 18:00:00 +0530

கிழமை, நாள், மாதம், ஆண்டு, நேரம். கடைசியில் உள்ள +0530, கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதைக் குறிக்கிறது. மென்பொருள் இதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படித்து, ஒரே எண்ணாக மாற்றுகிறது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு முதல் எத்தனை வினாடிகள் என்பதே அந்த எண். நம் தேதிக்கு அது 175,72,48,200.

இப்போது புரிகிறதா? தேதியைப் படிக்க முடியாத மென்பொருள், எண்ணை 0 என்று வைத்துவிட்டது. கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30 அல்லவா?

பிழையின் அளவே துப்பு

எல்லாப் பிழைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 18 மணிக்கு வெளியான நிகழ்ச்சி 23.30 என்று காட்டினால், பிழை சரியாக ஐந்தரை மணி. +0530 என்ற பகுதியை மென்பொருள் விட்டுவிட்டது என்று உடனே சொல்லிவிடலாம்.

சிலர் +0530 என்பதற்குப் பதிலாக ‘ஐ.எஸ்.டி.’ என்று எழுதிவிடுகிறார்கள். இதே மூன்று எழுத்துகள் இஸ்ரேல் நேரத்துக்கும், அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் வழங்குகின்றன. இஸ்ரேல் என்று கொண்டால் பிழை மூன்றரை மணி. அயர்லாந்து என்று கொண்டால் நான்கரை மணி. அலகு குறிக்காத அளவீட்டைப் போன்றதே இதுவும்.

07/09/2025 என்று எழுதினால்? நமக்கு அது செப்டம்பர் 7. அமெரிக்கருக்கோ ஜூலை 9. இங்கே பிழை இரண்டு மாதம். எந்த மென்பொருளாலும் இதை உறுதியாகச் சொல்ல இயலாது. ஃபீடை எழுதியவரிடம் சொல்லித் திருத்துவதே முறை.

தமிழில் வைத்தால் மட்டும்!

இன்னொரு பிழை வேடிக்கையானது. உங்கள் நண்பரின் கைப்பேசியில் தேதி சரியாக இருக்கிறது; உங்களுடையதில் மட்டும் 1970. செயலி ஒன்றே, ஃபீடும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுதான்: உங்கள் கைப்பேசியின் மொழி தமிழ்.

ஜாவா மொழியில் தேதி படிக்கும் கருவி, மொழியைக் குறிப்பிடாவிட்டால், கைப்பேசியின் மொழியை எடுத்துக்கொள்ளும். ஃபீடில் மாதம் ஆங்கில எழுத்தில் இருக்க, கருவி தமிழ் எழுத்தில் ‘செப்’ என்பதைத் தேடித் தோற்கும். நிரலை எழுதியவரின் கைப்பேசி ஆங்கிலத்தில் இருந்தால், இந்தப் பிழை அவர் கண்ணில் படவே படாது! ‘ஆங்கில மாதப் பெயர்களையே பார்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், தீர்ந்தது. ஆனால் அதை அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும்.

திறமூல மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஆனால் ‘தேதி தப்பு’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ஆய்வுக்கூடப் பதிவேடு போல எழுதுங்கள். ஃபீடைத் திறந்து, மூலத்தில் உள்ள தேதியை அப்படியே படி எடுங்கள். செயலி காட்டும் தேதியை அதன் பக்கத்தில் எழுதுங்கள். வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். பிறகு மொழி, நேர மண்டலம் ஆகியவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால், எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

பிழை திருந்திய பின்னும் அந்தத் தேதியைச் சோதனைப் பட்டியலில் சேர்த்து வைப்பது நல்ல வழக்கம். அதே பிழை நாளை மீண்டும் தலைகாட்டினால், உடனே பிடிபட்டுவிடும்.

முடிவாக உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன அதே நிகழ்ச்சி, ஒரு செயலியில் 1970 ஜனவரி 21, பிற்பகல் 1.37 மணி என்று காட்டுகிறது. தேதி சரியாகத்தான் படிக்கப்பட்டது. பின் எங்கே தவறு? ஒரு குறிப்பு: சில நிரல்கள் காலத்தை வினாடிகளில் எண்ணும், சில, மில்லி வினாடிகளில் எண்ணும். பென்சிலை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்!