பதக்கமும் பொய்ச் சீட்டும்

கோட்டுச்சேரி முதலிய காரைக்கால் கிராமங்களில், பிரெஞ்சுப் படையில் சேவித்த முன்னோரின் பதக்கங்களைப் போற்றும் குடும்பங்கள் உண்டு. அணிந்தவரின் வீரமே அவற்றின் மதிப்பு. ஜெர்மன் பதக்க வியாபாரத்திலோ சீட்டே விலையை நிர்ணயிக்கிறது. முதல் உலக யுத்தத்தில் சுமார் 50 லட்சம் வழங்கப்பட்ட இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையும் 'அபூர்வம்' ஆகிவிடுகிறது!

நம்மவரை ஏய்க்கும் மோசமும் உண்டு. 1942-ல் நேதாஜி ஜெர்மனியில் ஏற்படுத்திய ஆஸாத் ஹிந்த் பதக்கங்களை வியன்னாவின் ஸூவால் நிறுவனம் செய்தது. யுத்தம் முடிந்த பின்னரும் செய்து விற்றது. பின்னவற்றுக்கும் 'யுத்தகால அசல்' என்று சீட்டு ஒட்டிப் பன்மடங்கு விலை கேட்போர் உளர்.

ஆகவே நிறுவனத்தின் பெயர் மட்டும் சான்றாகாது. செய்த காலம், பெற்றவர் பெயர், அளித்த பத்திரம் ஆகிய மூன்றையும் வாங்குவோர் கேட்கவேண்டும். தேசபக்தியை மோசக்காரரின் முதலாக்க நாம் இடங்கொடுக்கலாகாது.