இரட்டிப்பும் பாதியும்: சாப்பாட்டு மேசையிலிருந்து கும்ரான் குகை வரை

ஒன்ராறியோவில் பதினோராம் வகுப்புக் கணிதம் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்: “இதைப் படித்து நாம் என்ன செய்யப் போகிறோம்?” அந்தக் கேள்வியை அதிகம் கிளப்பும் பாடங்களில் ஒன்று அடுக்குக்குறிச் சார்பு. பெற்றோருக்கும் பதில் உடனே வருவதில்லை. ஊரில் தமிழில் படித்ததைப் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தோடு பொருத்திப் பார்ப்பதற்குள் பிள்ளை எழுந்து போய்விடுகிறது.

ஆகவே இந்த இதழில் பெற்றோரும் வாலிபர்களும் ஒரே மேசையில் இருந்து வாசிக்கத் தக்கதாக இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். இது பரீட்சையோடு முடிந்துபோகும் பாடம் அல்ல. நம் சாப்பாட்டு மேசையிலும், பணப்பையிலும், நாம் கையில் வைத்திருக்கும் வேதாகமத்தின் வரலாற்றிலும் இது இருக்கிறது.

கூட்டிக்கொண்டு போவதும் பெருக்கிக்கொண்டு போவதும்

மாதம் 50 டொலர் உண்டியலில் போடுகிறோம் என்று வைப்போம். முதல் மாதம் 50, அடுத்த மாதம் 100, பிறகு 150. ஒவ்வொரு முறையும் ஒரே தொகை கூடுகிறது. வரைபில் போட்டால் நேர்கோடு வரும். நம் மனம் இயல்பாகவே இப்படித்தான் கணக்குப் போடும்.

ஆனால் சில காரியங்கள் ஒரே தொகையால் மாறுவதில்லை, ஒரே மடங்கால் மாறுகின்றன. 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பது ஒன்று. 80, 40, 20, 10 என்று பாதியாவது இன்னொன்று. இதைக் கணக்கிட மூன்று விவரங்கள் போதும்: தொடங்கிய அளவு எவ்வளவு, மடங்கு எவ்வளவு, எத்தனை தடவை. தொடங்கிய அளவை எடுத்து, அந்த மடங்கால் அத்தனை தடவை பெருக்கினால் விடை வரும். 2⁶ என்று எழுதும்போது 2 அடி, 6 அடுக்கு. அடி என்பது மடங்கு, அடுக்கு என்பது தடவை. பாடப்புத்தகத்தின் நீண்ட சூத்திரம் சொல்வதும் இதைத்தான்.

மடங்கு 1ஐ விடப் பெரிதானால் அது வளர்ச்சி. 0க்கும் 1க்கும் இடையில் இருந்தால் அது தேய்வு. 20 சதவீதம் கூடினால் மடங்கு 1.20, 20 சதவீதம் குறைந்தால் 0.80. இங்கே ஒரு பொறி உண்டு. 100 டொலர் 20 சதவீதம் கூடி, பிறகு 20 சதவீதம் குறைந்தால் மீண்டும் 100 வராது. 1.20 × 0.80 = 0.96. கையில் இருப்பது 96 டொலர்.

ஆராதனைக்குப் பின் சாப்பாடு

ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் சோறும் கோழிக்கறியும் மேசைக்கு வருகின்றன. உணவை நஞ்சாக்கும் கிருமிகளில் சில, தகுந்த சூட்டில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கக் கூடியவை. கறிச்சட்டியில் 12 மணிக்கு 100 கிருமிகள் மட்டும் இருந்தன என்று வைப்போம். ஒரு மணித்தியாலத்தில் மூன்று இரட்டிப்பு, அதாவது எட்டு மடங்கு.

12 மணி: 100
1 மணி: 800
2 மணி: 6,400
3 மணி: 51,200
4 மணி: 4,09,600
5 மணி: 32,76,800

முதல் இரண்டு மணித்தியாலத்தில் 6,300 கூடியது. கடைசி ஒரு மணித்தியாலத்தில் மட்டும் 28 இலட்சத்துக்கு மேல் கூடியது. சமைக்கும் அக்காமார் “இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்” என்று விரட்டுவது வீண் பயம் அல்ல. கனடாவின் சுகாதாரத் துறை தரும் அறிவுரையும் அதே இரண்டு மணித்தியாலம்தான். 4 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு கிருமிகள் பெருகும் எல்லை.

சோற்றைக் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துக்கள் கொதிக்கும் நீரிலும் சாகாமல் தப்பக் கூடியவை. சோறு ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒருவகை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. “பின்னேரம் சூடாக்கிச் சாப்பிடலாம்” என்பது எல்லா நேரமும் உதவாது.

இந்த இரட்டிப்பு முடிவில்லாமல் போகாது. உணவும் இடமும் தீரும்போது வளர்ச்சி தானாகத் தளரும். ஆனால் அதற்கு வெகுமுன்னரே நம் வயிறு கெட்டுவிடும்.

வட்டி குட்டி போடும்போது

பல்கலைக்கழகம் போகும் வயதில் நம் பிள்ளைகளின் கைக்கு முதல் கடனட்டை வருகிறது. அதன் வட்டி வழக்கமாக ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1,000 டொலர் கடன் நிற்கிறது, மாதந்தோறும் வட்டி சேர்கிறது, ஒன்றும் கட்டவில்லை என்று வைத்துப் பார்ப்போம். மாத மடங்கு ஏறத்தாழ 1.0167. பார்வைக்கு 1 போலவே இருக்கிறது. ஆனால் 42 மாதத்தில் கடன் 2,000 ஆகும். ஏழு ஆண்டில் 4,000 ஆகும்.

மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி உண்டு. 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், இரட்டிக்க எத்தனை ஆண்டு என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 72 ÷ 20 = 3.6 ஆண்டு.

உண்மையில் வங்கி மாதந்தோறும் ஒரு குறைந்தபட்சத் தொகை கேட்கும். அந்தச் சிறு தொகையைக் கட்டிவிட்டு, கடன் தீர்கிறது என்று நம்புவதில்தான் ஆபத்து. அதே 1,000 டொலருக்கு முதல் மாத வட்டி 16 டொலர் 67 சதம். மேற்கொண்டு ஒன்றும் வாங்காமல்,

மாதம் 16 டொலர் கட்டினால் கடன் ஒருநாளும் தீராது.
மாதம் 20 டொலர் கட்டினால் ஒன்பது ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். கட்டும் மொத்தம் ஏறத்தாழ 2,170 டொலர்.
மாதம் 50 டொலர் கட்டினால் 25 மாதத்தில் தீரும். மொத்தம் ஏறத்தாழ 1,230 டொலர்.

16க்கும் 20க்கும் இடையில் நான்கு டொலர்தான். ஆனாலும் ஒன்று முடிவில்லாதது, மற்றது முடிவுள்ளது. கனடாவில் கடனட்டையின் மாதாந்தக் கணக்குத் தாளில், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்று ஒரு வரி இருக்கும். இந்த மாதம் அந்த வரியைத் தேடி வாசியுங்கள். முழுத் தொகையையும் தவணை நாளுக்குள் கட்டுகிறவருக்குப் புதிதாக வாங்கிய பொருட்களுக்கு வட்டி இல்லை. அதற்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு.

இங்கே பெற்றோரோடும் பிள்ளைகளோடும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் கடன் என்பது மறைக்கும் விஷயம். அப்பா ஏசுவார், அம்மா அழுவா என்று பயந்து பிள்ளை சொல்லாமல் இருக்கும். கடன் கூட்டலாக வளர்ந்தால் ஓர் ஆண்டு மறைப்பதால் பெரிய நட்டம் இல்லை. அது மடங்காக வளர்வதால், மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்தைப் பெரிதாக்குகிறது. 1,000 டொலராய் இருக்கும்போது சொல்லுங்கள். அப்போது ஏச்சு கிடைத்தாலும் கடன் 25 மாதத்தில் தீரும். பெற்றோரே, பிள்ளை சொன்னால் முதலில் கணக்குத் தாளை எடுத்துச் சேர்ந்து கணக்குப் போடுங்கள். புத்திமதி அதன் பின்னர் இருக்கட்டும்.

இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ச்சி என்று எடுத்தால், 20 வயதில் ஒதுக்கிய 1,000 டொலர் 60 வயதில் ஏறத்தாழ 7,040 ஆகும். 30 வயதில் ஒதுக்கினால் 4,320தான். போட்ட பணம் ஒன்றே, பிந்திய பத்து ஆண்டின் விலை 2,720 டொலர்.

குகையில் கிடைத்த துணி

இனித் தேய்வுக்கு வருவோம். 1947ஆம் ஆண்டளவில் சாக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரானுக்கு அருகே ஒரு குகையில் ஆட்டிடையர்கள் சாடிகளுக்குள் பழைய தோற்சுருள்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஏசாயா தீர்க்கதரிசியின் புஸ்தகம், 66 அதிகாரங்களோடும். ஏழு மீற்றருக்கு மேல் நீளம். ஆனால் அது எவ்வளவு பழையது? மெய்யானதா, பிற்காலத்தில் செய்ததா?

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் லிபி என்ற வேதியியலாளர் அப்போதுதான் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். உயிருள்ள செடி காற்றிலிருந்து காபனை எடுக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு காபன்-14. செடியை அறுத்தவுடன் புதிய காபன் சேர்வது நிற்கிறது. உள்ளே இருக்கும் காபன்-14 மட்டும் தேய்ந்துகொண்டு போகும். அது பாதியாவதற்கு 5,730 ஆண்டு ஆகும். இதையே அரை ஆயுட்காலம் என்கிறோம்.

வகுப்பில் பலர் தடுமாறும் இடம் இதுதான். 5,730 ஆண்டில் பாதி போனால் 11,460 ஆண்டில் முழுவதும் போய்விடுமா? போகாது. எஞ்சிய பாதியில் பாதிதான் போகும், கால் பங்கு மிஞ்சும். பின்னர் அரைக்கால். ஒவ்வொரு தடவையும் பாதியே போவதால் கணக்கில் அது ஒருபோதும் பூச்சியம் ஆவதில்லை. 2,000 ஆண்டுக்குப் பின்னும் 100இல் ஏறத்தாழ 78 பங்கு இருக்கும். அளக்கப் போதிய அளவு அது.

அந்நாளைய முறையில் சோதிக்கும் பொருளை எரித்தே அளக்க வேண்டும், அதிக அளவும் தேவை. சுருளை எரிக்க முடியுமா? ஆகவே சுருள்களோடு கிடைத்த லினன் துணியின் ஒரு பகுதியை லிபியிடம் கொடுத்தார்கள். அந்தத் துணிக்கு நார் தந்த செடி அறுக்கப்பட்டது ஏறத்தாழ கி.பி. 33இல் என்று விடை வந்தது, முன்னோ பின்னோ 200 ஆண்டு கூடிக் குறையலாம். லிபிக்கு 1960இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

1990களில் சூரிச்சிலும் அரிசோனாவிலும் உள்ள ஆய்வுகூடங்கள் சிறு துண்டுத் தோலே போதும் என்ற புதிய முறையால் சுருள்களையே அளந்தன. அந்த ஏசாயாச் சுருள் கிறிஸ்துவுக்கு முன் நூறு ஆண்டுக்கும் அதிகமாகப் பழையது என்று தெரிந்தது. இயேசு நாசரேத்தின் ஜெபஆலயத்தில் ஏசாயாவின் புஸ்தகத்தை விரித்து வாசித்ததாக லூக்கா எழுதுகிறார். அந்த நாளில் இந்தச் சுருள் ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது. இது கண்டுபிடிக்கப்படும் வரை நம்மிடம் இருந்த மிகப் பழைய எபிரெய ஏசாயாப் பிரதிகளை விட இது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது.

மிஞ்சிய பங்கைக் கொண்டு காலத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குக்கு மடக்கை என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பில் அதைச் சந்திப்பீர்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. 30,000 டொலருக்கு வாங்கிய கார் ஆண்டுக்கு 15 சதவீதம் மதிப்பிழக்கிறது. நான்கு ஆண்டின் பின் அதன் மதிப்பு என்ன?
2. ஆண்டுக்கு 6 சதவீதம் வளரும் 1,000 டொலர், 36 ஆண்டில் ஏறத்தாழ எவ்வளவு ஆகும்? 72ஐக் கொண்டு மனக்கணக்காகச் செய்யுங்கள்.
3. ஒரு மரத்துண்டில் காபன்-14இன் கால் பங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மரம் வெட்டப்பட்டு எத்தனை ஆண்டு?

விடைகள்: 1. மடங்கு 0.85, ஏறத்தாழ 15,660 டொலர். 2. 12 ஆண்டுக்கு ஒரு இரட்டிப்பு, மூன்று தடவை; ஏறத்தாழ 8,000 டொலர். 3. இரண்டு அரை ஆயுட்காலம், 11,460 ஆண்டு.

முதற் கேள்விக்கு 12,000 என்று விடை வந்தவர்கள் 15 சதவீதத்தை நான்கு தடவை கூட்டிக் கழித்திருப்பார்கள். மேலே போய் 0.85ஆல் நான்கு தடவை பெருக்கிப் பாருங்கள்.