சத்து மாத்திரைதானே, என்ன பண்ணிடும்?



"சத்து மாத்திரைதானே மதினி, என்ன பண்ணிடும்?", "பச்சிலைதானே, கெடுதல் இல்ல" என்ற பேச்சு எங்கள் தெருவில் தினமும் காதில் விழும். 2023 மார்ச் மாதம் ஊட்டியில் நடந்ததை நினைத்தால் இப்படிப் பேச வாய் வராது. பள்ளிக்கூடத்துக்கு வந்த இரும்புச்சத்து மாத்திரையை யார் அதிகம் சாப்பிடுவது என்று பிள்ளைகள் பந்தயம் போட்டு விழுங்கினார்கள். எட்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி இறந்தே போனாள். வாரம் ஒன்று சாப்பிட்டால் ரத்தசோகையைப் போக்கும் அதே மாத்திரைதான். அளவு மீறினால் குடலையும் ஈரலையும் கெடுத்துவிடும். கலர் கலராக இருப்பதால் சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று நினைக்கும். பிஸ்கட் டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள்.

அதற்காகப் பயந்து கர்ப்பிணிகள் நிறுத்திவிடக் கூடாது. அரசு கொடுப்பது தினம் ஒன்று வீதம் 180 நாளுக்கு. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. இரும்புச்சத்து சாப்பிட்டால் அப்படித்தான் போகும். காப்பி, டீயோடு மட்டும் விழுங்க வேண்டாம், சத்து உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூலிகைக்கு வருகிறேன். 2012-ல் நாமெல்லாம் திருநெல்வேலி மாவட்டமாக இருந்தபோது, கடையநல்லூர் பக்கம் டெங்கு வந்து ஊரையே உலுக்கியது. அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. அன்றிலிருந்து நம் வீடுகளில் அது டீத்தூள் மாதிரி ஆகிவிட்டது. காய்ச்சல் காலத்தில் சித்த மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை குடிப்பது சரி. வருஷம் முழுக்கக் குடிக்க அது பானகம் இல்லை. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கசாயம் குடிச்சாச்சு என்று ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது இன்னும் மோசம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம்.

எங்கள் தெரு ஆச்சி ஒருத்தருக்கு சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பிடுகிறார். சாரல் சீசனில் குற்றாலம் போனபோது யாரோ விற்ற பொடி ஒன்றை வாங்கி வந்து, அதையும் சேர்த்துக் குடித்திருக்கிறார். ஆடித்தபசு அன்று விரதம் வேறு. வேர்த்து விறுவிறுத்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வேற என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு வீட்டில் எல்லோரும் "ஒண்ணுமில்ல" என்றார்கள். பொய் சொல்லவில்லை, பொடி அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை! குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தார். பிறகு மருமகள் பொட்டலத்தை எடுத்து வந்தாள். அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

சிறுகுறிஞ்சான், வெந்தயம் எல்லாம் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவைதான். மாத்திரையோடு சேர்ந்தால் இரட்டை வேலை செய்துவிடும். சில பொடிகளில் இங்கிலீஷ் மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்ததை ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் விற்ற, தெற்காசிய நாடுகளில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதோ ஒன்றாவது இருந்தது.

நாட்டுமருந்துக் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலியை முழுசாக வாங்கி வீட்டில் இடித்துக்கொண்டால் என்ன கலந்திருக்கிறது என்று நமக்கே தெரியும். தயாரித்த மருந்து என்றால் லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். சத்துப் பவுடர் டப்பாவில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இருக்கும். "சர்க்கரை வியாதி அடியோடு போகும்" என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதையே 1954-ல் வந்த சட்டம் தடுக்கிறது.

சந்தேகம் இருந்தால் நமக்குப் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகும்போது இங்கிலீஷ் டாக்டர் எழுதிய சீட்டையும் எடுத்துப் போங்கள். இங்கிலீஷ் டாக்டரிடம் போகும்போது பொடி டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம்.

- ஒரு வாசகி, சங்கரன்கோவில்.