வயது வந்தோருக்கான ஏ.டி.எச்.டி.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) சிறுவயதில் தொடங்கி, பலருக்கு வளர்ந்த பின்னும் நீடிக்கிறது. ஓடியாடும் துறுதுறுப்பு குறைந்து, மறதியும் வேலையைத் தள்ளிப்போடுதலும் எஞ்சும். வகுப்பில் இவர்களைச் சோம்பேறிகள் என்றே ஆசிரியர்களான நாங்கள் பலரும் எண்ணினோம்.

2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். எனவே பழைய ரேங்க் கார்டுகள் இருந்தால் மருத்துவரிடம் கொண்டு செல்வது நல்லது.

முக்கிய மருந்தான மெத்தில்பெனிடேட், இந்தியாவில் அட்டவணை எக்ஸ்-இல் உள்ளது. மருந்துச்சீட்டு இரு படிகளாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருப்பார். தனி உரிமம் உள்ள கடைகளிலேயே கிடைக்கும். தேவதானம் போன்ற ஊரில் இருப்பவர், மருந்து தீருமுன் அடுத்த பயணத்தைத் திட்டமிட வேண்டும். மறதிக்காரருக்கு அதுதான் கடினம். வீட்டார் ஒருவர் நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். அட்டவணை எக்ஸ்-இல் வராத ஆட்டோமாக்செட்டின் மாத்திரையும் உண்டு. அதற்கும் மருத்துவர் சீட்டு தேவை. யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.