பைரைட் தின்னும் பாக்டீரியா

உகாண்டாவின் மேற்கே, ருவென்சோரி மலையடிவாரத்தில் இருக்கிறது கசேசே. அருகிலுள்ள கிலெம்பே சுரங்கத்தில் 1956 முதல் ஏறக்குறைய கால் நூற்றாண்டு செம்பு எடுத்தார்கள். செம்பு போக எஞ்சிய பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், கசேசேயில் சுமார் 10 லட்சம் டன் குவிந்தது. அதில் 1.38 சதவீதம் கோபால்ட். பேட்டரிக்கும் ஜெட் எஞ்சினுக்கும் வேண்டிய உலோகம், டன்னுக்குப் பதினான்கு கிலோ வீதம் சும்மா கிடந்தது. பைரைட் படிகத்துக்குள்ளேயே ஊடுருவியிருந்ததால் அரைத்துச் சலித்தெல்லாம் அதைப் பிரிக்க முடியாது.

மழை அந்தக் குவியலை விட்டுவைக்கவில்லை. காற்றும் நீரும் பட்டு அமிலம் ஊறி, பக்கத்து ராணி எலிசபெத் தேசியப் பூங்காவுக்குள் வழிந்தது. போன வழியெல்லாம் புல் கருகியது. இந்த வினையை முடுக்கிவிடும் பாக்டீரியா இனங்களில் ஒன்றை 1947இலேயே அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் கண்டிருந்தார்கள். அதற்குச் சர்க்கரையும் வேண்டாம், மாவும் வேண்டாம். இரும்பையும் கந்தகத்தையும் ஆக்ஸிஜனோடு சேர்த்து, அதில் கிடைக்கும் ஆற்றலில் பிழைத்துக்கொள்ளும். கார்பனையும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பூங்காவில் செய்த அட்டூழியத்தை இந்த வகை பாக்டீரியா தொட்டிக்குள் செய்யட்டுமே! பிரான்சின் புவியியல் ஆய்வு நிறுவனமான பி.ஆர்.ஜி.எம். வகுத்த முறையில் 1999இல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆயிரம் கன மீட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டிகள். உள்ளே நீரில் கலந்த பைரைட் குழம்பு, கொஞ்சம் உரம், இடைவிடாமல் காற்று. சூடு 42 டிகிரி. அதற்காக எதையும் எரிக்க வேண்டியதில்லை. வினையே அவ்வளவு வெப்பத்தைக் கக்கும், தணிக்கத்தான் செலவு.

பைரைட்டை அரிக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது கரைசலிலுள்ள ஃபெரிக் இரும்பு. அரித்து முடித்ததும் அது ஃபெரஸ் இரும்பாகி முனை மழுங்கிவிடும். பாக்டீரியா அதை மறுபடி ஃபெரிக் ஆக்கி அனுப்பும். சாணை பிடிப்பவர் வேலைதான். சில நாட்களில் கோபால்ட் கரைசலுக்கு வந்துவிடும். அப்புறம் முழுக்க ரசாயனம்: சுண்ணாம்புக்கல் போட்டு இரும்பைப் படியவைத்து, கரைப்பானால் கோபால்ட்டைத் தனியாக்கி, மின்சாரம் பாய்ச்சி உலோகமாகப் படியவைப்பார்கள்.

கழிவே மிஞ்சாத முறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரும்பும் ஜிப்சமும் கலந்த சேறு மிஞ்சும். அதைத் தேக்கிவைக்க இடம் வேண்டும். ஆனால் பழைய குவியல்போல அது அமிலம் கக்காது. 2013-14 வாக்கில் பைரைட் தீர்ந்தது, ஆலையும் நின்றது.