பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குழந்தை வளர்ப்பு

பெரம்பலூர், அரியலூர் ஆகியவை தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்துள்ள மாவட்டங்கள். 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. வேளாண்மையும் அதைச் சார்ந்த கூலி வேலையும் இரு மாவட்டங்களிலும் முதன்மைத் தொழில்கள். ஆகவே, இங்கு கைக்குழந்தையை வளர்ப்பது தாயின் வேலைநேரத்தோடு பிணைந்துள்ளது. தாய் வேலைக்குத் திரும்பும் நாளுக்கும் குழந்தை அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கும் 2 வயதுக்கும் இடைப்பட்ட காலமே குடும்பங்களுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படும் காலமாகும்.

வேலையும் கைக்குழந்தையும்

பெரம்பலூர் பகுதியில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை மிகுதியாகப் பயிரிடப்படுகின்றன. அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்களில் முந்திரி விளைகிறது. பருத்தி எடுப்பதும், வெங்காயம் தாள் அறுப்பதும், முந்திரிக்கொட்டை பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலைகள். அறுவடை நாட்களில் காலையிலேயே கிளம்ப வேண்டியிருப்பதால், பால்குடிக் குழந்தையை வயலுக்குத் தூக்கிச் சென்று மர நிழலில் புடவைத் தூளி கட்டுவோரும், வீட்டில் மாமியாரிடமோ தாயிடமோ விட்டுச் செல்வோரும் உண்டு. 100 நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், வேலையிடத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திக் கூலி கொடுக்கவும் வகை செய்தது.

பாட்டியின் கைப்பக்குவம்

வீட்டில் இருக்கும் குழந்தையைப் பகலில் வளர்ப்பவர் பெரும்பாலும் பாட்டியே. கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, திருஷ்டிப் பொட்டு வைப்பது, தாலாட்டி உறங்கவைப்பது ஆகியவை அவருடைய அன்றாடப் பணிகள். வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு போன்றவற்றைக் கல்லில் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்து வழக்கமும், பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் சேனை வழக்கமும் கிராமங்களில் உள்ளன. இவ்விடத்தில்தான் இளம் தாய்க்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இடையே பிணக்கு எழுவதுண்டு. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், கத்திரி வெயிலில் தண்ணீர்கூட, தேவையில்லை என்பது மருத்துவர்களின் அறிவுரை. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக் கூடாது. எண்ணெய்க் குளியலிலும் தாலாட்டிலும் பாட்டியின் பழக்கம் குழந்தைக்கு நன்மையே என்பதால், அவற்றை அவர் பொறுப்பிலேயே விட்டு, வாய்வழி கொடுப்பவற்றை மட்டும் கிராமச் செவிலியரைக் கொண்டு பேசி முடிவு செய்வது பிணக்கைக் குறைக்கும்.

உணவும் எடையும்

6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கப்படுகிறது. கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிய பாலைக் காய்ச்சிய கூழும், நெய் விட்டு மசித்த பருப்புச் சோறும், இட்லியும் வழக்கமான முதல் உணவுகள். குழந்தையின் இரைப்பை சிறியது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர, எடையைக் கூட்டாது. கரண்டியிலிருந்து வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாகவும், 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 முறையும், அதன்பின் 3, 4 முறையும் ஊட்ட வேண்டும். தாய் காலையில் ஒருமுறை சமைத்துவிட்டுப் போகும் வீட்டில் தவறிப்போவது பகல் நேர ஊட்டல்தான். வயலில் இருக்கும் தாய், முன்னதாகவே பாலைப் பிழிந்து மூடி வைத்துச் சென்றால், சில மணி நேரத்துக்குள் அதைப் பாலாடையால் புகட்டலாம்.

பேச்சு வழக்கில் பால்வாடி எனப்படும் அங்கன்வாடி மையங்கள், 6 மாதக் குழந்தை முதல் சத்துமாவு வழங்குகின்றன. எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கின்றன. 2 வயது நிறைந்தவர்களுக்கு மதிய உணவும் முட்டையும் முன்பருவக் கல்வியும் உண்டு. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள, 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்கும் "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தின் இரண்டாம் கட்டம், 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கிவைக்கப்பட்டது. வளர்ச்சி அட்டையில் கோடு மேலே ஏறாமல் படுத்துக்கிடந்தால், குழந்தை மெலிவதற்கு முன்பே கவனிக்க வேண்டும் என்பது பொருள்.

பாதுகாப்பு

தவழத் தொடங்கிய குழந்தைக்கு ஆபத்தானவை தண்ணீர்த் தொட்டி, கிணறு, அடுப்பு, வீட்டில் வைத்திருக்கும் பூச்சிமருந்து ஆகியவை. 2019 அக்டோபரில் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளியின் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்தது. நீர் வற்றிய ஆழ்துளைக் கிணறுகளை உடனே மூடிவிடுவது வேளாண் குடும்பங்களின் கடமையாகும். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடும் சாலையோர வீடுகளில், வாசலில் தடுப்பு வைப்பதும் அவசியம்.

மகிழ்வான நாட்கள்

குப்புற விழுதல், தவழ்தல், நடைவண்டி பிடித்து நடத்தல், மழலை பேசுதல் ஆகிய ஒவ்வொன்றும் வீட்டாருக்கும் தெருவுக்கும் சேதியாகிறது. முதல் முடி இறக்குதலும், தாய்மாமன் மடியில் காது குத்துதலும் குலதெய்வக் கோயிலில் நடைபெறுகின்றன. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலைக் குலதெய்வமாகக் கொண்டோர் பலர். அக்கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் திறக்கப்படுவதால் அந்நாட்களைப் பார்த்தே விழா வைக்கின்றனர். சற்று வளர்ந்த குழந்தைகளைச் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்கும், கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் புல்வெளிக்கும், கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கும் அழைத்துச் செல்வதுண்டு. வேலை முடிந்து திரும்பும் தாயைக் கண்டதும் பாட்டியின் இடுப்பிலிருந்து குழந்தை கைகளை நீட்டித் தாவுவது, இவ்வூர்களின் மாலைப்பொழுதில் வீட்டுக்கு வீடு காணக்கூடிய காட்சியாகும்.